நாத்தனார் வீட்டுப் பரணில் ஒரு லேப்டாப்

கேள்வி: ஐயா, நாங்கள் பென்னாகரத்துக்குப் பக்கத்தில் ஒரு கிராமம். வீட்டுக்காரர் பெங்களூரில் சென்ட்ரிங் வேலை, பதினைந்து நாளுக்கு ஒருதரம் வருவார். நான் இரண்டு கறவை மாடு வைத்திருக்கிறேன், சீசனில் புளி தட்டப் போவேன். மகள் அரசுப் பள்ளியில் ஒன்பதாவது, மகன் ஐந்தாவது. வீட்டில் இருப்பது என்னுடைய ஒரு செல்போன்தான். ஹோம்வொர்க் எல்லாம் வாட்ஸப் குரூப்பில் வருகிறது, எனக்கும் ஒன்று வேண்டும் என்கிறாள் மகள். போன வாரம் ஒருவர் வீட்டுக்கே வந்து, டேப்லெட்டும் ஆன்லைன் டியூஷனும் சேர்த்து மாதத் தவணையில் தருவதாகச் சொல்லி ஆதாரும் பாஸ்புக்கும் கேட்டார். கொழுந்தனார், 'பொட்டப்பிள்ளை கையில் போனைக் கொடுத்தால் கெட்டுப்போகும்' என்கிறார். சீட்டு எடுத்த பணம் 15,000 ரூபாய் கையில் இருக்கிறது. பாலக்கோட்டில் நாத்தனார் வீட்டுப் பரணில், அவர் மகளுக்கு 2017ல் அரசு கொடுத்த லேப்டாப் கிடக்கிறது. ஆனால் ஓடாது என்கிறார்கள். எதை வாங்குவது? வாங்கினால் பிள்ளை நன்றாகப் படிக்குமா? பள்ளியிலேயே ஹைடெக் லேப் இருக்கிறதே, அது போதாதா?

— பெயர் வேண்டாம் என்று கேட்டுக்கொண்ட வாசகி, பென்னாகரம் வட்டம்

பதில்: அம்மா, அவசரமானதை முதலில் சொல்லிவிடுகிறேன். அந்தத் தவணைத் தாளில் கையெழுத்துப் போடாதீர்கள். ஆதார், பாஸ்புக் நகல் ஏற்கெனவே கொடுத்துவிட்டீர்கள் என்றால், வங்கிக் கிளைக்குப் போய் உங்கள் கணக்கில் 'ஆட்டோ டெபிட்', அதாவது மாதாமாதம் தானாகப் பணம் எடுத்துக்கொள்ளும் அனுமதி, ஏதாவது பதிவாகியிருக்கிறதா என்று கேளுங்கள். போனுக்கு வந்த ஓடிபியையும் அவரிடம் சொல்லியிருந்தால் நாளை என்று தள்ளாமல் இன்றைக்கே போங்கள்.

அந்த வியாபாரம் நடக்கிற விதம் அப்படி. வீட்டுக்கு வருகிறவர் டியூஷன் கம்பெனி ஆள். கடன் கொடுப்பது பெரும்பாலும் வேறொரு ஃபைனான்ஸ் கம்பெனி. நீங்கள் கையெழுத்துப் போட்டதும் இரண்டு மூன்று வருஷக் கட்டணம் மொத்தமாக டியூஷன் கம்பெனிக்குப் போய்விடும். அதன் பிறகு நீங்கள் ஃபைனான்ஸ் கம்பெனிக்குக் கடன்காரர். பிள்ளைக்குப் புரியவில்லை, டேப்லெட் ரிப்பேர், பாடம் நம் சமச்சீர்ப் புத்தகத்தோடு ஒட்டவில்லை என்று டியூஷன்காரரிடம் எவ்வளவு முறையிட்டாலும் ஃபைனான்ஸ்காரருக்கு அது சம்பந்தமில்லாத பேச்சு. தேதி வந்தால் பணம் கழியும். அன்றைக்குப் பால் பணம் கணக்கில் ஏறியிருக்கவில்லை என்றால் வங்கி ஒரு அபராதம், ஃபைனான்ஸ் ஒரு அபராதம்.

என் தம்பி மகன் இப்படித்தான் மாட்டிக்கொண்டான். பெண்ணுக்கு நாலு மாதம் போன் பண்ணி விசாரித்துக்கொண்டிருந்த 'மேடம்' ஐந்தாம் மாதம் காணாமல் போனார். தவணை மட்டும் இருபது மாதம் நிற்காமல் வந்தது. படித்தவன்தான், எம்.காம். படித்தவனுக்கே அந்தத் தாளில் இருந்த சின்ன எழுத்து கண்ணில் படவில்லை.

இப்படிச் சொல்வதால் எனக்கு இந்தச் சாதனங்கள்மேலேயே கோபம் என்று எண்ண வேண்டாம். தர்மபுரி, கிருஷ்ணகிரி இரண்டு மாவட்டங்களிலும் முப்பத்திரண்டு வருஷம் இயற்பியல் வாத்தியாராகவும் தலைமையாசிரியராகவும் இருந்தவன் நான். ஊசல் பாடம் நடத்த நூலில் ஒரு கல்லைக் கட்டி ஆட்டிக் காட்டுவேன். நூல் நீளமானால் ஆட்டம் மெதுவாகும், அதைக் காட்டிவிடலாம். 'சார், நிலாவுல ஆட்டுனா?' என்று ஒரு பையன் கேட்டான். வாயால்தான் பதில் சொன்னேன், அவனும் மண்டையை ஆட்டினான். அவனுக்கு அது புரிந்ததா என்று எனக்கு இன்றுவரை தெரியாது. இப்போது அமெரிக்காவின் கொலராடோ பல்கலைக்கழகம் இலவசமாகத் தரும் 'ஃபெட்' இணையப் பக்கத்தில் அதே ஊசலை நிலாவுக்கும் வியாழனுக்கும் கொண்டுபோய் ஆட்டலாம். ஒரு சாதாரண போனில் ஓடும். அந்தப் பையன் வகுப்பில் இருந்தபோது அது இருந்திருந்தால் என்று பல நாள் நினைத்திருக்கிறேன்.

விலை இறங்கிய கதையும் வேகமாக நடந்ததுதான். 2005ல் நிக்கோலஸ் நெக்ரோபோன்டே என்பவர் 'ஒரு பிள்ளைக்கு ஒரு லேப்டாப், நூறு டாலர்' என்று அறிவித்தபோது உலகமே வியந்தது. 2011 செப்டம்பர் 15 அன்று தமிழ்நாட்டில் விலையில்லா லேப்டாப் திட்டம் தொடங்கியது. அடுத்த மாதமே டில்லியில் 'ஆகாஷ்' என்ற மலிவு டேப்லெட் வெளியானது. பெரிய எதிர்பார்ப்பு, சீக்கிரமே அடங்கியது. அதற்கடுத்த வருஷம் இங்கிலாந்தில் உள்ளங்கை அளவில் ராஸ்பெரி பை என்ற கணினி, 35 டாலருக்கு. 2016 செப்டம்பரில் ஜியோ வந்து டேட்டா விலையைச் சாய்த்தது. 2018ல் நம் பாடப்புத்தகங்கள் மாறியபோது பாடங்களில் கியூஆர் கோடு அச்சானது. 2019ல் கல்வித் தொலைக்காட்சி. இன்றைக்கு ஓசூர்ப் பக்கத்து ஆலையில் நம்ம ஊர்ப் பெண்பிள்ளைகள் ஐபோனுக்கு உறுப்புகள் செய்கிறார்கள். நான் வேலைக்குச் சேர்ந்த காலத்தில் பாடப்புத்தகத்துக்கு வெளியே ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டுமென்றால் பஸ் ஏறிக் கிளை நூலகத்துக்குப் போக வேண்டும், அங்கேயும் அந்தப் புத்தகம் இருக்க வேண்டும்.

அப்படியானால் வாங்கினால் பிள்ளை நன்றாகப் படிக்குமா? இதற்கு முதலில் என் தவறிலிருந்து ஆரம்பிக்கிறேன். நான் தலைமையாசிரியராக இருந்த ஒரு பள்ளிக்குப் பத்துக் கணினிகள் வந்தன. தூசு படக் கூடாது என்று உறை தைத்துப் போட்டேன். அறைக்கு இரண்டு பூட்டு. சாவி என் மேசை டிராயரில். ஆய்வுக்கு அதிகாரி வருகிற நாளில் திறந்து, நன்றாகப் படிக்கிற நாலு பிள்ளைகளை உட்காரவைத்து, அவர் போனதும் பூட்டிவிடுவேன். இரண்டு வருஷத்தில் யூபிஎஸ் பேட்டரி உபயோகிக்காமலே செத்தது. கணினி ஒன்றும் கெடவில்லை, பிள்ளைகளும் ஒன்றும் கற்கவில்லை. கணக்கில் மட்டும் 'பத்து, நல்ல நிலையில்' என்று எழுதி அடுத்தவருக்கு ஒப்படைத்தேன்.

பூட்டி வைத்தது என் மடத்தனம். ஆனால் பூட்டாமல் பிள்ளை கையிலேயே கொடுத்துவிட்டாலும் தானாகப் படிப்பு வந்துவிடாது என்பதற்கும் சாட்சி இருக்கிறது. தென்அமெரிக்காவில் பெரு நாடு அந்த நூறு டாலர் லேப்டாப்பை லட்சக்கணக்கில் வாங்கிக் கிராமத்துப் பிள்ளைகளுக்குக் கொடுத்தது. 319 தொடக்கப் பள்ளிகளை எடுத்து ஆராய்ந்து 2012ல் முடிவை வெளியிட்டார்கள். பிள்ளைகள் லேப்டாப்பை நன்றாகவே கையாளப் பழகியிருந்தார்கள். கணக்கிலும் மொழிப்பாடத்திலும் மட்டும் தேர்ச்சி நகரவில்லை.

இதற்கு நேர்மாறாக டில்லியில் ஒன்று நடந்தது. கார்த்திக் முரளிதரன், அபிஜித் சிங், அலெஹாந்த்ரோ கனிமியன் ஆகியோர் செய்து 2019ல் வெளியிட்ட ஆய்வு. பள்ளி விட்டதும் பிள்ளைகள் ஒரு மையத்துக்கு வருவார்கள். 45 நிமிடம் கணினி முன்னால், 45 நிமிடம் ஒரு ஆசிரியரோடு சிறு குழுவாக. அந்தக் கணினியில் இருந்த மென்பொருள் முதலில் பிள்ளை எங்கே நிற்கிறது என்று பார்க்கும். ஏழாவது படிக்கிற பிள்ளைக்கு நாலாவது வகுப்புக் கணக்கே தடுமாறுகிறது என்றால் அங்கிருந்து ஆரம்பிக்கும், எங்கே தப்பு செய்கிறது என்று பார்த்து அதற்கேற்ற பாடத்தைத் தரும். நாலரை மாதத்தில் கணக்கிலும் இந்தியிலும் நல்ல ஏற்றம். பெருவிலும் கணினிதான், டில்லியிலும் கணினிதான். டில்லியில் பிள்ளைக்குக் கணினி விடாமல் கேள்வி கேட்டது, பிள்ளை பதில் போட்டது, பக்கத்தில் ஒரு ஆள் இருந்தார்.

பக்கத்தில் ஆள் இருப்பது எவ்வளவு பெரிய விஷயம் என்பதற்கு நம் ஊர்க் கணக்கே உண்டு. கொரோனாவில் பள்ளிகள் ஒன்றரை வருஷம் மூடிக் கிடந்தன அல்லவா, அதன் பிறகு தமிழ்நாட்டுக் கிராமங்களில் சுமார் 19,000 சிறு பிள்ளைகளைச் சோதித்தார்கள். பள்ளி திறந்த ஆறே மாதத்தில் இழந்ததில் மூன்றில் இரண்டு பங்கு திரும்பிவிட்டது. திரும்பியதில் 24 சதவீதம் இல்லம் தேடிக் கல்வியால். அது என்ன? தெருவில் இருக்கிற ஒரு பெண், மாதம் 1,000 ரூபாய் ஊக்கத்தொகைக்கு, சாயங்காலம் திண்ணையில் பிள்ளைகளை உட்காரவைத்துச் சொல்லிக்கொடுத்தது.

ஆகவே என்ன வாங்குவது என்பதைவிட, வாங்கியதன் முன்னால் உங்கள் மகள் என்ன செய்வாள் என்பதைத்தான் நான் கேட்பேன். பார்ப்பாளா, போடுவாளா? இந்த இரண்டுக்கும் உள்ள தூரத்தை ஒருநாள் கண்ணால் பார்த்தேன்.

ஓய்வுபெற்ற பிறகு காரிமங்கலம் பக்கத்தில் ஒரு ஊரில் சாயங்காலம் சில பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லித் தருகிறேன். ஒன்பதாவது படிக்கும் ஒரு பெண், கெட்டிக்காரி. முற்றொருமை பாடம் வீடியோவில் மூன்று தடவை பார்த்துவிட்டேன் சார், எல்லாம் புரிந்தது என்றாள். சந்தோஷம், போனைக் கவிழ்த்து வை, x கழித்தல் 3, அதன் வர்க்கம், விரித்து எழுது என்றேன். யோசிக்கவே இல்லை. x வர்க்கம் கழித்தல் 9 என்று எழுதி அடிக்கோடும் போட்டுவிட்டாள். 'தப்பு' என்று நான் சொல்லவில்லை. x-க்கு 5 என்று வைத்துப் பார் என்றேன். இடப்பக்கம், ஐந்தில் மூன்று போனால் இரண்டு, வர்க்கம் 4. வலப்பக்கம், 25-ல் 9 போக 16. இரண்டையும் மாற்றி மாற்றிப் பார்த்தாள். 'வீடியோவுல சார் நடுவுல ஏதோ ஒண்ணு எழுதுனாரு' என்றாள். அந்த 'ஏதோ ஒண்ணு'தான் கழித்தல் 6x. 5 போட்டால் கழித்தல் 30, அதாவது 25 கழித்தல் 30 கூட்டல் 9, சரியாக 4. அவளே போட்டாள். முகத்தைப் பார்க்க வேண்டுமே!

அந்த வீடியோவில் குறை ஒன்றும் இல்லை. என்னைவிட நன்றாகவே நடத்தியிருந்தார் அந்த ஆசிரியர். தெளிவாக நடத்துகிறவர் முன்னால் உட்கார்ந்தால் நமக்கே எல்லாம் தெரிந்த மாதிரி ஒரு மிதப்பு வரும். சமையல் வீடியோ பார்த்தால் பிரியாணி வந்துவிடுமா, அடுப்பில் ஏற்றினால்தானே தெரியும் தண்ணீர் எவ்வளவு என்று.

இப்போது உங்கள் 15,000 ரூபாய்க்கு வருகிறேன். புதிதாக எதையும் வாங்குமுன் நாத்தனார் வீட்டுப் பரணைப் பாருங்கள். 2017ல் வந்த அரசு லேப்டாப்புகள் 'ஓடாது' என்று ஒதுக்கப்படுவதற்குப் பெரும்பாலும் மூன்றே காரணம். பேட்டரி போயிருக்கும், ஹார்டு டிஸ்க் மெதுவாகியிருக்கும் அல்லது செத்திருக்கும், விண்டோஸ் கனத்துப் போயிருக்கும். மூன்றுக்கும் மருந்து உண்டு. தர்மபுரியில் கணினி ரிப்பேர் பார்க்கும் கடை எதிலாவது கொடுத்து, பழைய ஹார்டு டிஸ்க்கை எடுத்துவிட்டு, அதே வேலையை வேகமாகச் செய்யும் எஸ்எஸ்டி போடச் சொல்லுங்கள். 256 ஜிபி தாராளம். ரேம் 2 ஜிபி இருந்தால் 4 ஆக்க முடியுமா என்று கேளுங்கள், 4 இருந்தால் விட்டுவிடலாம். விண்டோஸ் 10க்கு 2025 அக்டோபரோடு ஆதரவு முடிந்துவிட்டது, அந்த மெஷினில் 11 ஏறாது. அதனால் விண்டோஸுக்குப் பதிலாக லினக்ஸ் போடச் சொல்லுங்கள். லினக்ஸ் மின்ட், லுபுண்டு என்று சொன்னால் அவர்களுக்குத் தெரியும். இலவசம். தமிழ்99 விசைப்பலகையும் அதில் வைத்துக்கொள்ளலாம். வேலை தொடங்குமுன் மொத்தச் செலவைக் கேட்டுக்கொள்ளுங்கள். ஐந்தாயிரத்தைத் தாண்டும் என்றாலோ மதர்போர்டு போய்விட்டது என்றாலோ விட்டுவிடுங்கள், அதற்கு மேல் அந்தப் பெட்டி பெறாது.

ஒன்றில் மட்டும் கவனம். பல வருஷம் கிடந்த பேட்டரி உப்பியிருக்கலாம். லேப்டாப்பின் அடிப்பக்கம் மேசையில் சமமாக உட்காராமல் ஆடினாலோ, மூடி வீங்கித் தெரிந்தாலோ, சார்ஜ் போட்டுப் பார்க்கவே வேண்டாம். குத்தவோ நெம்பவோ கூடாது, தீப்பிடிக்கும். அப்படியே கடைக்குக் கொண்டுபோங்கள், அவர்கள் கழற்றிவிடுவார்கள். பேட்டரி இல்லாமலே கரண்டில் ஓட்டலாம். கரண்ட் போனால் நின்றுவிடும், அவ்வளவுதான்.

லேப்டாப்புக்கு ஏன் இவ்வளவு வக்காலத்து என்றால், அது ஒரு இடத்தில் இருக்கும். பேட்டரி இல்லாத லேப்டாப் இன்னும் உத்தமம், பிளக் பாயிண்ட்டை விட்டு நகராது! கூடத்தில், எல்லாரும் நடமாடுகிற இடத்தில், ஒரு ஸ்டூல்மேல் வைத்துவிட்டால் போர்வைக்குள் போகாது. பாடப்புத்தகப் பக்கமும் நோட்டும் பக்கத்தில் பக்கத்தில் இருக்கும். கையடக்கப் போனில் வரைபடத்தைப் பெரிதாக்கிச் சின்னதாக்கியே பாதி நேரம் போய்விடும். தட்டச்சு பழகுவாள், ஒரு அட்டவணை போடப் பழகுவாள். நாளைக்குக் கல்லூரியிலோ வேலையிலோ கேட்கப் போவது அதைத்தான்.

இணையம் உங்கள் போனிலிருந்தே ஹாட்ஸ்பாட். இங்கே ஒரு செலவைக் கணக்கில் எடுங்கள். பொருள் ஒருதரம் வாங்குவது, ரீசார்ஜ் விடாமல் வருவது. 28 நாள் கணக்கு என்பதால் வருஷத்துக்குப் பன்னிரண்டு இல்லை, பதின்மூன்று முறை. அதனால் இன்னொரு போன், இன்னொரு சிம் வேண்டாம். உங்கள் பக்கம் காட்டை ஒட்டிய ஊர்களில் சிக்னல் எப்படி என்று எனக்கும் தெரியும், மாட்டைத் தேடிப் போகிற மாதிரி சிக்னலைத் தேடி மேட்டுக்குப் போக வேண்டும். அரசு இலவசமாகத் தரும் திக்ஷா என்ற பாடச் செயலியில் பாடப்புத்தகத்துக் கியூஆர் கோடைக் காட்டினால் வருகிற பாடங்களில் பலவற்றை இறக்கி வைத்துக்கொள்ளலாம். சிக்னல் நன்றாக இருக்கிற நேரத்தில் வாரத்துக்கு வேண்டியதை இறக்கிவிட்டு, படிக்கும்போது டேட்டாவை அணைத்துவிடலாம். டேட்டா அணைந்திருந்தால் படிக்கிற நேரத்தில் பாதி வம்பும் சேர்ந்து அணையும். மணற்கேணி என்று பள்ளிக்கல்வித் துறையின் செயலியும் இருக்கிறது, ஆறாவதிலிருந்து பன்னிரண்டாவது வரை காணொளிப் பாடங்கள். காசு கொடுத்து எதையும் வாங்குமுன் காசில்லாத இவை இரண்டையும் தீர்த்துவிடட்டும்.

பழக்கம் ஒன்றே ஒன்று வையுங்கள். வீடியோவில் ஆசிரியர் கணக்கை எழுதிவிட்டு விடை போடப் போகும்போது நிறுத்த வேண்டும். நோட்டில் தானாகப் போட வேண்டும். பிறகு ஓடவிட்டு ஒப்பிட வேண்டும். பத்து நிமிட வீடியோ அரை மணி நேரம் ஆகும், ஆகட்டும். இதைப் பார்த்துக்கொள்ள உங்களுக்கு இயற்கணிதம் தெரிய வேண்டாம். 'நோட்டைக் காட்டு' என்று கேட்டால் போதும். இரண்டு பக்கம் எழுதியிருந்தால் படித்திருக்கிறாள். ஒன்றும் எழுதாமல் மூன்று மணி நேரம் பார்த்திருந்தால் அது சினிமா. அறிவியல், சமூக அறிவியலுக்கு இன்னொரு வழி. மாட்டுக்குத் தவிடு கலக்கும்போது பக்கத்தில் நிற்கவைத்து, இன்றைக்கு என்ன படித்தாய், எனக்குப் புரிகிற மாதிரி சொல் என்று கேளுங்கள். உங்களுக்குப் புரியவில்லை என்றால் தயங்காமல் 'புரியலையே' என்று சொல்லுங்கள். அவள் திரும்பப் போய்ப் புத்தகத்தைப் பார்ப்பாள்.

வாட்ஸப் ஹோம்வொர்க் பற்றி. இதில் எனக்கு என் சக ஆசிரியர்கள்மேல் கொஞ்சம் வருத்தம் உண்டு. கரும்பலகையில் எழுத வேண்டியதைப் போட்டோ எடுத்துக் குரூப்பில் போட்டால், பிள்ளை அதைப் பார்த்து நோட்டில் பிரதி எடுக்கிறது. காப்பி அடிப்பதற்கு ஒரு புதுப் பெயர் வந்திருக்கிறது, அவ்வளவுதான். குரூப் அறிவிப்புக்கு இருக்கட்டும். வீட்டில் ஒரே போன், அதுவும் சாயங்காலம்தான் கிடைக்கும் என்று வகுப்பாசிரியரிடம் நேரில் போய்ச் சொல்லுங்கள். கூச்சப்பட ஒன்றுமில்லை. நீங்கள் சொன்னால்தான் அதே நிலையில் இருக்கிற இன்னும் பத்துப் பிள்ளைகளுக்கும் வழி பிறக்கும்.

செயற்கை நுண்ணறிவிடம் கேட்டு எழுதுவதும் இப்போது கிராமம்வரை வந்துவிட்டது. 'எங்கள் ஊர்' என்று கட்டுரை எழுதச் சொன்னேன். ஒரு பையன், 'எங்கள் ஊரின் நடுவே சலசலத்து ஓடும் ஆறு, இருகரையிலும் தென்னந்தோப்புகள்' என்று எழுதி வந்தான். ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்க் குழாயில் தண்ணீர் வரும் நாளுக்குக் குடத்தை வரிசையில் வைக்கிற ஊர் அவனுடையது. ஆற்றைக் காட்டு, குளித்துவிட்டு வரலாம் என்றேன். சிரித்துவிட்டுக் குடத்து வரிசையைப் பற்றி ஒரு பக்கம் எழுதினான், அருமையாக இருந்தது. சந்தேகம் கேட்க அதைப் பயன்படுத்தலாம், தப்பில்லை. எழுதித் தரச் சொன்னால்தான் தப்பு.

இனி உங்கள் கொழுந்தனார். அவர் அக்கறையில்தான் சொல்கிறார், ஆனால் வழி தப்பு. கிராமத்துப் பிள்ளைகளின் படிப்பை அளக்கும் 'ஏசர்' (ASER) என்ற ஆய்வில், 2024ஆம் ஆண்டு, நாடு முழுக்கக் கிராமத்துப் பிள்ளைகள், 14 முதல் 16 வயதுவரை உள்ளவர்களைக் கேட்டார்கள். 82 சதவீதத்துக்கு மேல் ஸ்மார்ட்போன் பயன்படுத்தத் தெரிந்தவர்கள். அதற்கு முந்தைய வாரத்தில் படிப்புக்காகப் பயன்படுத்தியவர்கள் 57 சதவீதம், சமூக ஊடகத்துக்காக 76 சதவீதம். கொழுந்தனார் பயப்படுவதில் நியாயம் இருக்கிறது என்றுதான் இதைப் படித்தால் தோன்றும். ஆனால் அதே ஆய்வில் இன்னொன்றும் இருக்கிறது. போன் பயன்படுத்தத் தெரிந்தவர்களில் தனக்கென்று போன் வைத்திருக்கிற பையன்கள் 36 சதவீதம், பெண்பிள்ளைகள் 27 சதவீதம். பையன் கெட்டுப்போக மாட்டானா? அவனைப் பற்றி ஒருவரும் வாய் திறப்பதில்லை. ஒன்பதாவதில் கணினி தொடாத பெண், கல்லூரியில் முதல் நாள் அதன் முன்னால் கைநடுங்கி உட்காருவதை நான் பார்த்திருக்கிறேன். ஆகவே தனிப் போன் இப்போது வேண்டாம், சாதனமே கூடாது என்பதும் வேண்டாம்.

அவளிடம் நேராகப் பேசுங்கள். தெரியாதவருக்குப் போட்டோ அனுப்பக் கூடாது, ஓடிபி யாருக்கும் சொல்லக் கூடாது. யாராவது தொல்லை கொடுத்தால் அழிக்காமல் உங்களிடம் காட்ட வேண்டும். முக்கியமாக, 'நீ வந்து சொன்னால் போனைப் பிடுங்க மாட்டேன்' என்று வாக்குக் கொடுங்கள், கொடுத்தால் காப்பாற்றுங்கள். ஒருதரம் பிடுங்கிவிட்டால் இரண்டாம் தரம் சொல்ல மாட்டாள், அங்கேதான் ஆபத்து ஆரம்பம். குழந்தைகள் உதவி எண் 1098, சைபர் புகாருக்கு 1930, பள்ளிக்கல்வித் துறையின் உதவி மையம் 14417. மூன்றையும் காலண்டர் அட்டையில் எழுதி ஒட்டிவிடுங்கள்.

ஐந்தாவது படிக்கிற பையனுக்கு இப்போதைக்கு எதுவும் வேண்டாம். அவன் தமிழ்ப் புத்தகத்தில் ஒரு பக்கத்தைத் தடுமாறாமல் வாய்விட்டுப் படிக்கிறானா, வகுத்தல் வருகிறதா என்று மட்டும் பாருங்கள். அக்காவையே சொல்லிக்கொடுக்கச் சொல்லுங்கள், அவளுக்கும் பாடம் உறைக்கும். எட்டாவது வரும்போது என்எம்எம்எஸ் தேர்வு இருக்கிறது, தேறினால் ஒன்பதாவதிலிருந்து பன்னிரண்டாவது வரை வருஷம் 12,000 ரூபாய் உதவித்தொகை. அதற்குத் தயாராகும்போது அந்த லேப்டாப்பில் பழைய வினாத்தாள் பார்க்கலாம்.

ஹைடெக் லேப் போதாதா என்று கேட்டீர்கள். திறந்திருந்தால் போதும், ஏறக்குறைய! என் இரண்டு பூட்டுக் கதையைச் சொன்னேன் அல்லவா. வாரத்துக்கு எத்தனை பீரியட் மகள் உள்ளே போகிறாள் என்று அவளிடம் கேளுங்கள். குறைவு என்றால் பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்தில் எழுந்து, பள்ளி விட்ட பிறகு ஒரு மணி நேரம் திறந்து வைக்க முடியுமா என்று கேளுங்கள். குழுத் தலைவரும் உங்களைப் போல ஒரு பெற்றோர்தான். 'பிள்ளைகள் உடைத்துவிட்டால்?' என்று யாராவது சொல்வார்கள். நானும் அதைத்தான் சொல்லிக்கொண்டிருந்தேன்.

லேப்டாப் தேறிவிட்டால் மீதிப் பணத்தை அப்படியே வைத்திருங்கள். தேறவில்லை என்றால், பத்து அங்குலத் திரையுள்ள சாதாரண டேப்லெட் ஒன்று, ரேம் 4 ஜிபிக்குக் குறையாமல், கடையில் நேரில் பார்த்து ரொக்கத்துக்கு பில்லோடு வாங்குங்கள். வீடு தேடி வருகிறவரிடம் வேண்டாம். வீட்டுக்காரர் ஊருக்கு வந்த நாளில், மகளையும் கூட அழைத்துக்கொண்டு போங்கள். கடைக்காரர் காட்டுவதை ஓட்டிப் பார்க்க வேண்டியவள் அவள்.

பாலக்கோட்டுக்குப் போகும்போது நாத்தனாரிடம் சார்ஜரையும் மறக்காமல் கேட்டு வாங்குங்கள். லேப்டாப் ஒரு பரணில் இருந்தால் அது இன்னொரு பரணில் இருக்கும்.